கைக்காசில் இரண்டு படை: வன்னியில் மினிப் போர் விளையாட்டுத் தொடங்குவோருக்கான கேள்வி பதில்

இது என்ன விளையாட்டு? செஸ் மாதிரியோ?

செஸ்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். கட்டம் கிடையாது. மேசையில் வீடு, மரம், மதில் எல்லாம் பரப்பி வைத்து, ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரமுள்ள வீரர்களை அளவு நாடாவால் அளந்து நகர்த்துவீர்கள். சுட்டது பட்டதா, வெட்டியது விழுந்ததா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கென்று வந்த ஒரு மேசைப் பயிற்சியின் வழித்தோன்றல் இது. இன்று அதிகம் பேருக்குத் தெரிந்தது, இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் 1987இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000. வீரர்களை ஒட்டுவதும் நிறம் பூசுவதும் விளையாட்டின் பாதி. சிலருக்கு அதுதான் முழுவதும்.

மொத்தமா எவ்வளவு காசு முடியும்?

வார்ஹாமர் 40,000இன் தொடக்கப் பெட்டிகளில் 'கொம்பாற் பற்றோல்' என்ற வகை இருக்கிறது. ஒரு பெட்டி 100 பவுணை அண்டி நிற்கும். நம் காசில் ஏறத்தாழ 40,000 ரூபாய். அனுப்பும் செலவும் சுங்கவரியும் புறம்பு. பெட்டிக்குள் இருப்பது நிறமில்லாத பிளாஸ்டிக் துண்டுகள். பசையும் பெயின்டும் தூரிகையும் நீங்கள்தான் தேட வேண்டும். முழு அளவு ஆட்டம் என்று எல்லோரும் சொல்லும் 2,000 புள்ளிப் படைக்கு (ஒவ்வொரு வீரனுக்கும் அவன் பலத்துக்கேற்ப இத்தனை புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு) இப்படிப் பல பெட்டி வேண்டும்.

ஆனால் உண்மையான சிக்கல் விலை அல்ல. லண்டனில் இருப்பவன் ஒரு படை வாங்கினால் போதும். எதிர்ப்படையோடு கிளப்பில் ஆள் காத்திருக்கும். கிளிநொச்சியில் ஒரு படை வாங்கினால் அது அலுமாரிக்குள்தான் நிற்கும். இங்கே தொடங்குகிறவர் இரண்டு பக்கத்தையும் தானே செய்து வைத்துக்கொண்டு, பிறகு கூட்டாளியைக் கூப்பிட வேண்டும். ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். 10,000 ரூபாய் இருந்தால் உங்கள் படைக்கு 5,000தான். இப்படிப் பார்த்தாலே எது நமக்குச் சரிவரும், எது சரிவராது என்று பாதி விளங்கிவிடும்.

நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: முதலில் இரண்டு படையும் கடதாசியில். பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடி, விதி கைக்கு வந்து, கூட்டாளிக்கும் ஆசை பிடித்த பிறகு, ஒவ்வொரு வீரராகப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். கடதாசிக் கட்டத்திலேயே சலித்துவிட்டால், போனது ஒரு கொத்துரொட்டிக் காசு.

எனக்கு வார்ஹாமர்தான் வேணும் அண்ணை. வேற வழி இல்லையோ?

இருக்கிறது. 2023இல் வந்த பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை அந்த நிறுவனமே இலவசமாகத் தரவிறக்க விட்டது. காசு முழுக்க உருவங்களில்தான். தங்கள் உருவங்களைத்தான் பாவிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது தங்கள் கடைகளிலும் தாங்கள் நடத்தும் போட்டிகளிலும். உங்கள் வீட்டு விறாந்தையில் எதை எந்த வீரனாக வைத்து ஆடினாலும் கேட்க ஆளில்லை. உருவம் நிற்கும் வட்டத் தட்டு, அதாவது அடித்தட்டு, சரியான அளவில் இருந்தால் கணக்கு மாறாது.

ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஒன் பேஜ் ரூல்ஸ் என்பதைத்தான் காட்டுவேன். விண்வெளிச் சண்டைக்கு 'கிறிம்டார்க் பியூச்சர்', வாளும் மந்திரமும் வேண்டுமென்றால் 'ஏஜ் ஒஃப் பான்ரசி'. இரண்டிலும் ஆளுக்குப் பத்துப் பேரளவில் ஆடும் சிறுபடை வடிவமும் இருக்கிறது. அடிப்படை விதியும் படைப் பட்டியலும் இலவசம். எந்த நிறுவனத்தின் உருவமும் ஆகும். சோடா மூடியில் பெயர் எழுதி வைத்தாலும் ஆகும்.

விதி இவ்வளவுதான். ஒவ்வொரு வீரனுக்கும் 'தரம்', 'காப்பு' என்று இரண்டு எண். தரம் 4+ என்றால், சுடும்போது தாயக்கட்டையில் 4, 5, 6 விழுந்தால் பட்டது. பட்டவன் தன் காப்பு எண்ணுக்கு உருட்டுவான், விழுந்தால் தப்பினான். இரண்டு பக்கமும் 4+ என்று வைத்துக்கொண்டால், பத்துக் குண்டில் ஐந்து படும், அதில் இரண்டோ மூன்றோதான் ஆளை விழுத்தும். சாதாரண வீரன் ஒரு முறைக்கு 6 அங்குலம் நடந்து சுடலாம், சுடாமல் ஓடினால் 12 அங்குலம். நாலு சுற்று முடிய மேசையிலுள்ள இலக்குகளை யார் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பது.

இதில் இன்னொரு வசதி, ஒரு பக்கம் முழுப் படையையும் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் கொட்டாவி விடத் தேவையில்லை. நீங்கள் ஒரு ஆளை நகர்த்த, நான் ஒரு ஆளை நகர்த்த என்று மாறிமாறிப் போகும். கூட்டாளி வராத நாளில் இரண்டு பக்கத்தையும் தனியே ஆடிப் பார்க்கவும் இந்த முறைதான் தோது.

விதியெல்லாம் ஆங்கிலத்தில கிடக்கு. தம்பிக்கு விளங்காது.

ஒருவருக்கு விளங்கினால் போதும். தேவையான விதியைத் தமிழில் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்து மேசையில் வையுங்கள். எழுதும்போதுதான் உங்களுக்கும் சரியாக விளங்கும்.

கடதாசிப் படை எண்டால் உண்மையா எப்படிச் செய்யிறது?

இணையத்தில் இலவசக் கடதாசி மினிகள் நிறையக் கிடக்கின்றன. ஒன் பேஜ் ரூல்ஸும் தன் படைகளுக்குத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு நீளத் துண்டு: முன்பக்கப் படம், அதற்கு மேல் தலைகீழாகப் பின்பக்கப் படம். நடுவில் மடித்து ஒட்டினால் இருபக்கமும் படமுள்ள ஆள் எழும்பி நிற்பான். 30 மில்லிமீற்றர் உயரமும் 20 அகலமும் உள்ள ஆளுக்கு, மடிக்கும் காலோடு சேர்த்து 80 மில்லிமீற்றர் துண்டு தேவை. கணக்குப் பார்த்தால் ஒரு ஏ4 தாளில் 30 பேர் அடங்குவார்கள். ஆளுக்குப் பத்து வைத்தால் இரண்டு படையும் ஒரே தாளில் முடிந்து, செத்தவனுக்குப் பதிலாள் எடுக்கவும் பத்துப் பேர் மிஞ்சும்.

கொமினிகேஷனில் கலர் பிரிண்ட் கேட்கும்போது லேசர் இயந்திரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இங்க்ஜெட் மை, பைண்டர் கம் ஈரம் பட்டவுடன் கரைந்து முகமெல்லாம் ஊதாவாகிவிடும். சாதாரணத் தாளில் எடுத்துப் பிரிஸ்டல் போர்ட்டின் இரு பக்கமும் ஒட்டலாம். இயந்திரம் தடித்த தாள் எடுக்குமென்றால் நேரே அதிலேயே அடிக்கலாம். ஒட்டியதும் கொப்பிகளுக்கு அடியில் ஒரு இரவு பாரம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து வளையும். படத்தின் விளிம்போடு ஒட்டி வெட்டாமல் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, வெள்ளையாகத் தெரியும் ஓரம் முழுக்கக் கறுப்பு மார்க்கரால் ஓட்டுங்கள். இந்த ஒரு வேலைதான் பள்ளிக்கூடச் செயற்பாட்டுக்கும் பார்க்க ஆசை வரும் படைக்கும் உள்ள வித்தியாசம். லமினேற் செய்ய வேண்டாம். லைற் வெளிச்சம் பட்டு மினுங்கி ஒன்றும் தெரியாது.

அடித்தட்டுக்குப் பழைய ரப்பர் செருப்பு நல்ல சாமான். வட்டமாக வெட்டி, நடுவில் பிளேட்டால் கீறி, காலைச் செருகினால் நிற்கும். ஆனால் பாரம் காணாது. நம் வெக்கைக்கு மேலே காற்றாடி சுழலாமல் ஆட ஏலாது. முதல் சுற்றிலேயே முழுப் படையும் தரையில் கிடக்கும். ஹாட்வெயார் கடையில் 12 மில்லிமீற்றர் போல்ற்றுக்குப் போடும் வொஷர் வாங்குங்கள். வெளிவிட்டம் 24 மில்லிமீற்றர், பெரும்பாலான விளையாட்டுகள் கேட்கும் 25 மில்லிமீற்றர் அடித்தட்டுக்குப் பொருந்திப் போகும். செருப்புத் துண்டுக்கு அடியில் சுப்பர் குளூவால் ஒட்டினால் காற்றாடியை முழு வேகத்தில் விடலாம்.

பிளாஸ்டிக் உருவம் மலிவா எங்க எடுக்கலாம்?

மூன்று வழி.

வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா மாதிரிப் பெரிய திருவிழாக்களின் கடைத்தெருவில் பை பையாகத் தொங்கும் பொம்மைகளை இனி வேறு கண்ணால் பாருங்கள். டைனோசர் ஒன்று, 28 மில்லிமீற்றர் வீரனுக்குப் பக்கத்தில் நின்றால் அருமையான அசுரன். பிளாஸ்டிக் யானை போர்யானை. பச்சை ஆமிப் பொம்மைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், மற்றவற்றோடு சேராது. வேறு காரணமும் உண்டு, கீழே வருகிறேன்.

அடுத்தது 1/72 அளவு வரலாற்று வீரர்கள். ஸ்வெஸ்டா, இத்தலேரி, ஹாட் போன்ற நிறுவனங்கள் விற்கும் சின்னப் பெட்டி ஒன்றில் பல வகைகளுக்கு 40 பேர் அளவில் காலாட்படை இருக்கும். 1.72 மீற்றர் உயரமான ஆள் இந்த அளவில் 24 மில்லிமீற்றர். ஆளுக்கு எவ்வளவு விழுகிறது என்று பிரித்துப் பார்த்தால் இதற்கு மேல் மலிவில்லை. ஒரு குறை: பல பெட்டிகளில் வரும் மென்மையான பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காமல் உதிரும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தண்ணீர் கலந்த பைண்டர் கம் ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல் நிறம் பூசினால் நிற்கும்.

மூன்றாவது வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: லண்டன் மாமா, ரொறன்ரோச் சித்தி. 'வார்ஹாமர் வாங்கி வாங்கோ' என்று சொல்லாதீர்கள். புதுப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு அடுத்த முறை தொலைபேசியே எடுக்கமாட்டார். பாவித்த படை, பாதி ஒட்டியது, நிறம் பூசிக் கெடுத்தது என்று இணையத்தில் மலிவாக விற்பார்கள். அதைக் கேளுங்கள். பழைய பெயின்ட்டைக் கழற்றலாம், உடைந்த கையை ஒட்டலாம். ஸ்பிரே பெயின்ட், எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக் பசை இரண்டையும் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். அதைக் கேட்டு அந்த மனிசனை எயார்போர்ட்டில் நிற்பாட்டாதீர்கள்.

3டி பிரிண்டர் வாங்கினால் எல்லாம் மலிவு எண்டு சொல்லுறாங்கள்?

நூறு உருவத்துக்கு மேல் எடுக்கப் போகிறவருக்கு மலிவு. முதற்படைக்கு இல்லை. நுணுக்கமான உருவம் தருவது ரெசின் இயந்திரம்; அந்தத் திரவம் தோலில் படக்கூடாது, மணம் அறைக்குள் நிற்கக்கூடாது, கையுறை வேண்டும், எடுத்த உருவத்தை அற்ககோலில் கழுவிப் புறஊதா ஒளியில் இறுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இரண்டு அறை வீட்டுக்குள் இதை வைக்க நான் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் நூலை உருக்கும் மற்ற வகையில் வீடு, மதில், கிணறு நன்றாக வரும். ஆனால் அந்தப் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை அளவில் இளகும். சித்திரை வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீற்றுக்கு அடியில் வைத்தால் மதில் வளைந்துவிடும்.

பெயின்ட்டுக்கு எவ்வளவு ஒதுக்குறது?

ஆறு நிறம்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், மண்நிறம். புத்தகக் கடையில் விற்கும் அக்ரிலிக் போதும். வயேஹோ, சிற்றடெல் மாதிரி மினிக்கென்றே செய்த பெயின்ட் மெல்லிசாகப் பூசினாலும் மூடும், அது உண்மை. ஆனால் அதன் சிறு போத்தல் ஒன்றின் காசுக்கு இங்கே பல நிறம் எடுக்கலாம். போஸ்டர் கலர் வேண்டாம். காய்ந்த பிறகும் வேர்த்த கை பட்டால் அழியும்.

கடைப் பெயின்ட்டைத் தண்ணீரில் இளக்கி இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் கண், மூக்கு எல்லாம் மூடுண்டு போகும். நம் ஊர்ச் சூட்டில் தட்டில் விட்ட பெயின்ட் கொஞ்ச நேரத்தில் தோல் கட்டிவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்த பஞ்சை விரித்து, அதற்கு மேல் கேக் அடிக்கப் போடும் எண்ணெய்த்தாளை வைத்து, அதில் பெயின்ட்டை விடுங்கள். மூடி வைத்தால் அடுத்த நாளும் ஈரம் இருக்கும்.

தொடக்கக்காரரின் படையைச் சட்டென்று உயர்த்துவது இரண்டு தந்திரம். கறுப்பும் மண்நிறமும் கலந்து, பால் மாதிரி ஓடும்வரை தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு, முழு உருவத்தின் மேலும் பூசுங்கள். பள்ளங்களில் தேங்கி நிழல் விழும். அது காய்ந்ததும் பழைய தூரிகையில் வெளிறிய நிறம் தொட்டு, அநேகமாக எல்லாவற்றையும் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாகத் தேயுங்கள். இரண்டும் தெரிந்தால் முகத்துக்குக் கண் வைக்கவே தேவையில்லை. தூரிகையில் மட்டும் காசு பார்க்காதீர்கள்: கூர் நிற்கும் 1ஆம் இலக்கம் ஒன்று நல்லதாக, மற்றதெல்லாம் மலிவானதாக.

மாரியில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஈரக் காற்றில் வெண்மை படர்ந்து சொரசொரப்பாகக் காயும்.

மேசையும் காடும் வீடும்?

இந்தப் பகுதியில்தான் வன்னிக்காரர் லண்டன்காரரை வெல்வார். அவர்கள் பக்கற்றில் வாங்கும் புல்லும் மணலும் எங்கள் வளவுக்குள் கிடக்கிறது.

மேசைக்குப் பிளைவூட் பலகை 8 அடிக்கு 4 அடியாக வரும். கடையிலேயே 4 அடிச் சதுரமாக இரண்டாக வெட்டித் தருவார்கள்; சிறுபடைக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்தால் பெரிய ஆட்டம். அதுவும் வேண்டாமென்றால் சீமெந்துத் தரையில் சோக்கால் ஆறும் ரோட்டும் கீறி ஆடலாம். பாயில் ஆடாதீர்கள், வரிகளில் ஆட்கள் சரிவார்கள்.

கிரவல் ரோட்டுச் செம்மண்ணைத் தேத்தண்ணி வடியால் அரித்தெடுத்துப் பைண்டர் கம் பூசிய அட்டையில் தூவினால் முறிகண்டிக்குப் பக்கத்து ரோட்டுத்தான். மரக்காலையில் சும்மா தரும் மரத்தூளைப் பச்சைப் பெயின்ட்டில் பிசைந்து வெயிலில் காயவிட்டால் புல். பச்சையோடு கொஞ்சம் மண்நிறமும் சேருங்கள், ஆடி மாதத்தில் எங்கள் புல் பச்சையாகவா இருக்கிறது? தேங்காய்த்தும்பைச் சிறு கட்டாக வெட்டி நட்டால் நாணல், படுக்கவைத்து ஒட்டினால் வேய்ந்த கூரை. ஈர்க்கின் மெல்லிய நுனி வேல், தடித்த அடி வேலிக் கதியால். முல்லைத்தீவுக் கடற்கரை மணலைப் பாவிப்பதென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். உப்பு நின்றால் வொஷர் கறள் பிடிக்கும். பனைமரம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 30 மீற்றர் வளர்ந்த பனையை 28 மில்லிமீற்றர் வீரனின் அளவுக்கு உண்மையாகச் செய்தால் அரை மீற்றர் வரும். மூன்றிலொரு பங்காக்குங்கள்.

ரி.வி பெட்டிக்குள் வரும் ரெஜிஃபோம் மலைக்கும் மதிலுக்கும் நல்லது. ஸ்பிரே பெயின்ட் நேரே பட்டால் உருகிக் குழி விழும். முதலில் பைண்டர் கம் கலந்த அக்ரிலிக் பூசி மூடுங்கள்.

இன்னொன்று, இதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். மேசைக்குச் சிதைவுக் குவியல் செய்கிறேன் என்று பற்றைக்குள், பழைய பங்கர் பக்கம், குளக்கரைக் காட்டில் கிடக்கும் இரும்புத் துண்டு, கோது, வயர் எதையும் தொடக்கூடாது, பொறுக்கக்கூடாது. மிதிவெடி அகற்றிய நிலம் என்று தெரிந்தாலும் கூடாது. சந்தேகமான சாமான் கண்டால் தொடாமல் திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். உடைந்த பேனையும் பற்பசை மூடியும் அதைவிட நல்ல சிதைவுக் குவியல் தரும்.

சண்டை கண்ட சனம் நாங்கள். இதில சண்டையை வைச்சு விளையாடுறது சரியோ?

இந்தக் கேள்வி வீட்டுக்குள் இருந்தே வரும். 2009 வரை நடந்ததைக் கண்ட தாய்க்கு முன்னால் துவக்கோடு நிற்கும் பொம்மையை வரிசைப்படுத்துவது சின்ன விஷயமல்ல. எல்லோருக்கும் பொதுவான விடை என்னிடம் இல்லை. நான் வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். எங்கள் காலத்துச் சண்டை மேசைக்கு வராது. உருமறைப்பு உடுப்பு, இக்கால வாகனம், கொடி, சின்னம் எதுவும் வராது; பச்சை ஆமிப் பொம்மையை விடச் சொன்னது இதனால்தான். எலும்புக்கூடு, பூதம், வேற்றுக்கிரகவாசி, வாளும் வேலும் ஏந்திய பழங்காலத்தவர் தாராளமாக வரலாம். வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லையென்றால் அன்று மேசை விரிவதில்லை. இதைப் பார்க்கவே பிடிக்காத பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நியாயம் பேசி வெல்ல வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

அப்ப எங்கட வரலாறு ஒண்டையும் ஆடக்கூடாதோ?

ஆடலாம். இருநூறு வருடத்துக்கு முந்தியதை எடுங்கள். 1803 ஓகஸ்ட் 25இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். பீரங்கிகளும் அவர் வசமாயின. அதே வருடம் ஒக்டோபர் 31இல் ட்றிபேர்க் என்ற ஆங்கிலேயத் தரப்பு அதிகாரியின் படை கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்தது. ஒட்டுசுட்டான் பக்கம் போனவர்களுக்கு அந்த நினைவுக்கல் தெரியும். சிறுபடை ஆட்டத்துக்கு இரண்டு அருமையான களம்: ஒன்றில் கோட்டைக்குள் கொஞ்சப் பேரும் பீரங்கியும், வெளியே நிறையப் பேர், மற்றதில் காட்டுக்குள் எதிர்பாராத தாக்குதல்.

ஆங்கிலேயரை 1/72 நெப்போலியன் காலப் பெட்டிகளில் எடுக்கலாம். வாட்டர்லூப் பெட்டி வாங்காதீர்கள். அதில் இருப்பது 1812க்குப் பிறகு வந்த, முன்பக்கம் உயர்ந்த தொப்பி. 1803க்கு நேரான குழாய்த் தொப்பி வேண்டும். பெட்டியில் 'பெனின்சுலா' என்றிருந்தால் அநேகமாகச் சரி, படத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். சிவப்பு அங்கிக்குக் கீழே முதலில் மண்நிறம் பூசினால் சிவப்பு இலகுவாக ஏறும். வன்னி வீரருக்கு அப்படிக் கடைப்பெட்டி தேடி மினக்கெட வேண்டாம். படம் கீறத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி இருந்தால் கடதாசியில் கீறிப் பிரதி எடுப்பதுதான் வழி. பிளாஸ்டிக்கும் கடதாசியும் ஒரே மேசையில் நின்றால் ஒன்றும் குறையாது.

ஆடி முடிய எங்க வைக்கிறது?

தகர பிஸ்கட் பெட்டி. வொஷர் ஒட்டியிருப்பதால், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பெட்டிக்கு அடியில் வெளிப்புறம் ஒட்டிவிட்டால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் ஆட்கள் உருளமாட்டார்கள். கடதாசிப் படையோடு நாலு கற்பூர உருண்டை போடுங்கள். பைண்டர் கம் மணத்துக்குக் கரப்பான் வரும், முதலில் தின்பது தளபதியின் முகத்தைத்தான்.